சேற்றில் பிறக்கும் வாயுவும் அதை அளக்கும் நுண்ணுயிர்களும்

கொள்ளிவாய்ப் பிசாசின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழர் மிகச் சிலரே. ஊருக்கு வெளியே, ஏரியின் கடைக்கோடியில், நாணலும் சேறும் மண்டிய இடத்தில், இருட்டு வேளையில் நீலச் சுடர் ஒன்று தோன்றும். தோன்றிய வேகத்தில் மறையும். வாயைத் திறந்தால் நெருப்பைக் கக்கும் பேய் அது என்று பாட்டிமார் சொல்லி வைத்தனர். அழுகும் பொருள்களினின்று எழும் வாயுக்கள் தீப்பற்றுவதே அச்சுடருக்குக் காரணம் என்பது விஞ்ஞானிகள் பொதுவாகக் கூறும் விளக்கம். அவ்வாயுக்களுள் தலையாயது மீத்தேன். சதுப்பு வாயு என்றும், சாண எரிவாயுவின் உயிர்ப்பகுதி என்றும் நாம் அறிந்திருப்பது இதனையே.

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நாம், ஏரிக்கரையையும் பேயையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக எண்ணுகிறோம். ஆனால் அவ்வாயு நம்மை விட்டபாடில்லை. தாராவியின் சந்துகளுக்கு அடியில் ஓடும் சாக்கடைகளிலும், மாட்டுங்காவின் பழைய கட்டடங்களின் கழிவுநீர்க் குழாய்களிலும், செம்பூருக்கு அருகே தேவ்னாரில் மலைபோற் குவிந்துள்ள குப்பையிலும் அது நாள்தோறும் பிறந்துகொண்டிருக்கிறது. சரியாகப் பிடித்து வைத்தால் அது அடுப்பை எரிக்கும், விளக்கை ஏற்றும். எவ்வளவு இருக்கிறது என்று அறியாமல் அதன் நடுவே இறங்கினால் ஆளைக் கொல்லும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே.

இவ்வாயுவை அளப்பதற்கு, மின்சாரம் உண்டாக்கும் நுண்ணுயிர்களை ஏவலாமா என்று இன்று பல நாட்டு ஆராய்ச்சிக் கூடங்கள் முயன்று வருகின்றன. அம்முயற்சி எத்தகையது, அதனால் நம்மைப் போன்ற நகரவாசிகளுக்கு வரக்கூடிய பயன் யாது, அதன் எல்லை எது என்பவற்றை இங்கே காண்போம்.

வாயுவின் பிறப்பும் இயல்பும்

1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, மஜ்ஜோரே என்னும் ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பாத்திரத்திற் பிடித்தார். அந்த வாயு தீப்பற்றி எரிவதைக் கண்டார். அதே வோல்ட்டாதான் 1800-இல் முதல் மின்கலத்தையும் உலகிற்கு அளித்தவர். மீத்தேனும் மின்சாரமும் ஒரே மனிதரின் மேசையில் ஆராயப்பட்டன. இரண்டையும் இணைக்கும் உயிர்கள் அதே சேற்றில் இருந்தன என்பது தெரியவர இரு நூற்றாண்டுகள் பிடித்தன.

மீத்தேன் எவ்வாறு பிறக்கிறது? சோறோ, இலையோ, சாணமோ காற்றோட்டமுள்ள இடத்தில் மக்கினால் பெரும்பாலும் கரியமில வாயுவாகக் கலைந்து போகும். பிராணவாயு எட்டாத சேற்றடியில் அது நிகழ இயலாது. அங்கே பலவகை நுண்ணுயிர்கள் அவற்றைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. கடைசிப் படியில், ஆர்க்கியா என்னும் மிகத் தொன்மையான நுண்ணுயிர் இனத்தைச் சேர்ந்தவை எஞ்சியதை மீத்தேனாக மாற்றி வெளியே விடுகின்றன. தஞ்சையின் நெல்வயலிலும், பசுவின் இரைப்பையிலும், மும்பையின் சாக்கடையிலும் நடப்பது இந்த ஒரே சமையல்தான்.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமும் இல்லை. காற்றைவிட ஏறத்தாழப் பாதி எடையே உடையது. காற்றில் 100-க்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். அதற்குக் குறைந்தால் எரிவதற்கு மீத்தேன் போதாது. மிகுந்தால் எரிப்பதற்குப் பிராணவாயு போதாது. மீத்தேன் தானே நஞ்சன்று. மூடிய இடத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறச் செய்யும். சாக்கடையில் அதனோடு கூடவே பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடோ கடும் நஞ்சு. அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம் என்பர். ஆனால் அளவு மிகுந்தவுடன் அது முகரும் உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுகிறவனே முதலில் விழுகிறான்.

நம் ஊர்களில் பாழுங்கிணற்றில் தூர் வாருவோர், இறங்குமுன் விளக்கையோ எரியும் வைக்கோலையோ கயிற்றிற் கட்டி உள்ளே விடுவது வழக்கம். சுடர் அணைந்தால் கெட்ட காற்று இருக்கிறது என்று அறிந்து இறங்கார். கரியமில வாயு தேங்கும் கிணற்றிற்கு அது நல்ல உபாயம். மீத்தேன் நிறைந்த சாக்கடையிலோ அதே சுடர் வெடிக்குத் திரியாகிவிடும். ஊரில் உயிரைக் காத்த பழக்கம் நகரத்தில் உயிரை வாங்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

மாட்டுங்காவில் ஏறிய விளக்கு

மாட்டுங்கா என்றதும் நமக்கு நினைவு வருவன கிங்ஸ் சர்க்கிளும், பூக்கடைகளும், காப்பி மணமும், கச்சேரி சபைகளுமே. சாக்கடை வாயுவின் சரித்திரத்தில் அப்பெயருக்குத் தனி இடம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த் என்பார், வீடற்ற தொழுநோயாளிகளுக்காக 1890-இல் மாட்டுங்காவில் ஓர் இல்லத்தை ஏற்படுத்தினார். இன்று வடாலாவில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் நகராட்சித் தொழுநோய் மருத்துவமனை அதன் வழிவந்ததே. அந்த இல்லத்தின் கழிவுகளைச் சேர்த்து அழுகச் செய்யும் தொட்டி ஒன்று அமைக்கப்பட்டது. 1897-இல் அத்தொட்டியிலிருந்து எழுந்த வாயுவைச் சேகரித்து விளக்கெரித்தனர். பின்னர் 1907-இல் அவ்வாயுவைக் கொண்டு எஞ்சினையும் ஓட்டினர். இந்நிகழ்ச்சி 1859-இல் நடந்தது என்று பல நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வருகின்றன. இல்லமே பிறவாத ஆண்டில் விளக்கு எரிந்திருக்க இயலாது அன்றோ? இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் காமெரான் என்பார் தம் கழிவுத் தொட்டியின் வாயுவைக் கொண்டு விளக்கேற்றியது 1895-இல். அதற்கு இரண்டே ஆண்டுகள் பின்னால், ஊரார் ஒதுக்கி வைத்த நோயாளிகளின் இல்லத்தில், ஊரார் முகஞ்சுளிக்கும் கழிவிலிருந்து ஒளி பிறந்தது.

இதன்பின் இவ்வித்தை நம் நாட்டில் பலவாறு வளர்ந்தது. ஜஷ்பாய் பட்டேல் என்பார் 1950-களில் உருவாக்கிய சாண எரிவாயுக் கலம், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வாயிலாக நாடெங்கும் பரவியது. அதன் மேலே கவிழ்த்த இரும்புக் கொப்பரை, வாயு சேரச் சேர மேலெழும்பும். செலவாகச் செலவாகக் கீழிறங்கும். எழுத்தறியாத குடியானவரும் கொப்பரையின் உயரத்தைப் பார்த்து இன்றைக்கு எத்தனை வேளை அடுப்பெரியும் என்று சொல்லிவிடுவார். அந்த எளிய கலத்திற்குள்ளேயே ஓர் அளவுகோலும் இருந்தது. அக்கலம் மக்களிடம் நிலைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், சமையற் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் முறை ஒன்றை வகுத்து அதற்கு நிசர்கருண என்று பெயரிட்டது. சொற்களோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கு அப்பெயர் மிகவும் பிடித்துப் போயிற்று. இயற்கைக்குப் பட்ட கடன் என்பது அதன் பொருள். தமிழகத்திலும் சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இவ்வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் எஞ்சின்கள் நிறுவப்பட்டன.

அளவு அறியாத இடங்கள்

கலத்தில் அடைபட்ட வாயுவுக்குக் கணக்கு உண்டு. வெளியே திரிவதற்கு ஏது கணக்கு?

தேவ்னாரில் 1927-ஆம் ஆண்டு முதல் குப்பை கொட்டப்பட்டு வந்தது. 2016 ஜனவரி இறுதியில் அங்கே பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. அப்புகையை விண்ணிலிருந்து செயற்கைக் கோள்கள் படம்பிடித்தன. செம்பூர், கோவண்டிப் பகுதிகளில் வாழ்வோருக்கு அப்புகையின் காரம் நினைவிருக்கும். குப்பை மலைக்குள் ஊறும் மீத்தேன், இத்தகைய தீயை எளிதில் அணையவிடாது.

மேலும், மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயுக்களுள் ஒன்று. வான்வெளியில் அது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்குகிறது. ஆயினும் நூறாண்டுக் கணக்கிற் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. இருபதாண்டுக் கணக்கில் அது 80 மடங்கையும் எட்டுகிறது. 2022-இல் சயன்ஸ் அட்வான்ஸஸ் என்னும் சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. டில்லி, மும்பை, லாகூர், பியூனஸ் அயர்ஸ் ஆகிய நான்கு நகரங்களைச் செயற்கைக் கோள் வழியே அளந்தபோது, அவற்றினின்று வெளியாகும் மீத்தேன், வழக்கமாகக் கையாளப்படும் கணக்கேடுகளில் உள்ளதைப் போல் 1.4 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. ஏட்டுக்கணக்கு ஒன்று, காற்றின் கணக்கு வேறொன்று.

இத்தகைய செயற்கைக் கோள்கள் சூரிய ஒளியின் துணைகொண்டே காண்கின்றன. மேகத்தை ஊடுருவ அவற்றால் இயலாது. மும்பையின் மழைக்காலமோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நீள்கிறது. அன்றியும், தெருவுக்கு அடியில் ஒரு குழாயினுள் தேங்கிய வாயுவை விண்ணிலிருந்து காண்பது எங்ஙனம்?

ஆளைக் கொல்வது அந்தக் குழாய் வாயுவே. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறங்கி மாண்டவர்களின் செய்தி நாளேடுகளில் வராத ஆண்டு இல்லை. முதலில் ஒருவர் இறங்குவார், பேச்சுமூச்சு இராது. அவரைத் தூக்க மற்றொருவர் குதிப்பார், பின்னர் மூன்றாமவர். அண்ணனும் தம்பியும், தகப்பனும் மகனுமாக மடிந்த குடும்பங்கள் உண்டு. பாதுகாப்பின்றி மனிதரை இவ்வேலையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்புக் கவசமின்றிச் சாக்கடையில் இறக்குவது அவசர வேளையிலும் குற்றமே என்று தீர்ப்பளித்து, இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்ச ரூபாய் வழங்கப் பணித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் வந்தபின்னும் சாவு நின்றுவிடவில்லை.

இன்றுள்ள கருவிகள்

வாயுவை அளக்கும் முயற்சி புதியதன்று. 1815-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கம்பி வலையால் சூழ்ந்த விளக்கு ஒன்றைச் செய்தார். வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சுடர் வெளியே பாயாது; மீத்தேன் இருந்தாலோ சுடர் நீண்டு நீல முடி தரிக்கும். ஒளி தந்த விளக்கே அளவும் சொல்லிற்று.

இக்காலக் கருவிகளுள் இருவகை முக்கியமானவை. ஒன்றில், சூடேறிய சிறு மணியின்மேல் மீத்தேன் பட்டு எரிகிறது. அதனால் ஏறும் வெப்பத்தைக் கொண்டு அளவு அறியப்படுகிறது. மற்றொன்றில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மீத்தேன் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கப்படுகிறது. இரண்டும் நல்லவையே, சில நொடிகளில் எச்சரிப்பவை. ஆயினும் அவற்றிற்கு இடையறாது மின்சாரம் வேண்டும். காலந்தோறும் சரிபார்ப்பு வேண்டும். முதல்வகைக் கருவி பிராணவாயு குறைந்த இடத்தில் சரிவர இயங்காது; கந்தகம் கலந்த வாயுக்களால் அதன் மணி கெட்டும் போகும். சாக்கடையோ பிராணவாயு குறைந்தது, கந்தகம் நிறைந்தது, மின்கம்பி எட்டாதது. ஆள் இறங்கும் ஒரு நாளைக்கு இக்கருவியைக் கையில் எடுத்துச் செல்லலாம். ஆண்டு முழுவதும் ஓராயிரம் குழிகளில் காவல் வைப்பதற்குச் செலவு குறைந்த, தானே இயங்கும் காவலன் வேண்டும். அத்தேவையே நுண்ணுயிர்களிடம் நம்மைக் கொண்டு செல்கிறது.

மின்சாரம் ஈனும் உயிர்கள்

நாம் உண்ட உணவினின்று நம் உடல் ஆற்றலைப் பெறும்போது, எலெக்ட்ரான் எனப்படும் மின்துகள்கள் பிரிகின்றன. அவற்றை இறுதியில் ஏற்றுக்கொள்வது நாம் சுவாசிக்கும் பிராணவாயு. பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர் அவற்றை எங்கே கொண்டு போடும்? சில உயிர்கள், தம் உடலுக்கு வெளியே கிடக்கும் இரும்புத் துருவின்மேல் அவற்றைக் கொட்டிவிடுகின்றன. நாம் காற்றைச் சுவாசிப்பது போல் அவை துருவைச் சுவாசிக்கின்றன எனலாம்.

டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர், நுண்ணுயிர்களிடம் மின்விளைவு உண்டு என்பதை 1911-லேயே எழுதினார். அன்று அதைப் பெரிதாகக் கொண்டவர் இலர். 1987-இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் டெரெக் லவ்லி என்னும் விஞ்ஞானி, பின்னர் ஜியோபாக்டர் என்று பெயர்பெற்ற உயிரைக் கண்டெடுத்தார். அது எலெக்ட்ரான்களைத் தன் உடலினின்று வெளியே கடத்துவதற்கு, இரும்பணு பொதிந்த புரதங்களால் ஆகிய நுண்ணிய இழைகளைக் கம்பிபோல் நீட்டுகிறது என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

இவ்வுயிருக்குத் துருவுக்குப் பதிலாக ஒரு கரித்தண்டைக் கொடுத்தால், அதன்மேல் படிந்து எலெக்ட்ரான்களை அத்தண்டில் இறக்கும். அத்தண்டையும், காற்றுப் படும்படி வைத்த மற்றொரு தண்டையும் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் உண்டாகும். இத்தகைய ஒரு கலத்தின் அழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. டார்ச் விளக்கின் ஒற்றை மின்கலம் 1.5 வோல்ட் தருவதோடு இதனை ஒப்பிட்டுக் கொள்ளலாம். வீட்டுக்கு விளக்கேற்ற இது போதாது. ஆனால் அளப்பதற்கு அம்மெல்லிய ஓட்டமே போதும். உணவு மிகுந்தால் ஓட்டம் மிகும், குறைந்தால் குறையும். ஓட்டத்தை அளந்தால் உணவை அளந்ததாகும்.

இது வெறும் கற்பனையன்று. கழிவுநீரின் அழுக்கை இம்முறையால் அளக்கும் கலம் ஒன்றைக் கொரிய விஞ்ஞானிகள் அமைத்தனர். அது ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இயங்கியதை 2003-இல் வெளியிட்டனர். உயிர்கள் தாமே பெருகித் தம்மைப் புதுப்பித்துக் கொள்வதால், தேய்மானம் பெரிதும் தோன்றவில்லை.

மீத்தேனை உண்ணச் செய்தல்

இனி, அந்த உணவு மீத்தேனாக இருத்தல் வேண்டும். ஜப்பானில் இசாவோ கருபே குழுவினர் 1982-லேயே இத்துறையில் ஒரு வழி கண்டனர். மீத்தேனைப் பிராணவாயுவோடு சேர்த்து உண்ணும் பாக்டீரியாவை ஒரு கலத்தில் அடைத்தனர். மீத்தேன் வரும்போது அவை பிராணவாயுவைச் செலவிடும். அக்குறைவை மின்முனை காட்டிக்கொடுக்கும். அங்கே உயிர் உண்டது. மின்சாரத்தையோ வெளியிலிருந்து தரவேண்டியிருந்தது.

உயிரே உண்டு, உயிரே மின்சாரமும் தருவது எப்போது? மீத்தேன் எளிதிற் பிளவுபடாத பொருள். பிராணவாயுவின் துணையின்றி அதனை உண்ணும் உயிர்கள் உண்டு என்பது கடலடிச் சேற்றை ஆராய்ந்தபோது 2000-ஆம் ஆண்டையொட்டித் திண்ணமாயிற்று. மீத்தேனை ஆக்கும் ஆர்க்கியாவின் உறவினங்களே, அதே சமையலைத் தலைகீழாக நடத்தி, ஆக்கியதை உண்ணவும் செய்கின்றன.

2017-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் உட் குழுவினர் மூவகைக் கூட்டணி ஒன்றை அமைத்தனர். கருங்கடலடியில் வாழும் ஆர்க்கியாவின் மரபுக்கூறு ஒன்றைப் புகுத்திய நுண்ணுயிர், மீத்தேனை அசிட்டேட் என்னும் உப்பாக மாற்றிற்று. காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. அதனை ஜியோபாக்டர் உண்டு எலெக்ட்ரான்களை மின்முனையில் இறக்கிற்று. கழிவுநீர் மண்டியிலிருந்து சேர்த்த உயிர்களும் பொருள்களும் எலெக்ட்ரான்களைச் சுமந்து உதவின. 2022-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தார், மெத்தனோபெரிடென்ஸ் என்னும் நன்னீர் ஆர்க்கியாவைக் கொண்டு மீத்தேனில் 100-க்கு 31 பங்கை மின்சாரமாக்கிக் காட்டினர்.

அளவைக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரு மீத்தேன் மூலக்கூறு முழுதும் கரியமில வாயுவாக மாறும்போது எட்டு எலெக்ட்ரான்கள் வெளிப்படும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அதில் எத்தனை பங்கு கம்பியை வந்தடைகிறது என்பதை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொண்டால், ஓடும் மின்சாரத்தைக் கொண்டு வந்த வாயுவைக் கணக்கிடலாம். அவ்வோட்டத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தால், அதே ஆற்றலால் அவ்வப்போது ஒரு செய்தியை வானலையில் அனுப்பவும் கூடும். அளக்கப்படும் பொருளே அளப்பவனுக்குக் கூலியும் தருகிறது.

எல்லை எது?

புதுமையைக் கண்டு மயங்குவது எளிது. எல்லையை அறிவது கடினம். மீத்தேன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே நீரில் வாழும் இவ்வுயிர்களை அது சென்றடையத் தாமதமாகும். இவை மிக மெதுவாகப் பெருகுபவை. மெத்தனோபெரிடென்ஸ் இரட்டிப்பாவதற்கு ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகின்றன. வெப்பம் மாறினால் உயிரின் பசி மாறும். பசி மாறினால் அளவு மாறும். எல்லாவற்றினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சாக்கடையில் மீத்தேன் மட்டுமா இருக்கிறது? சோற்றுக் கஞ்சியும் சோப்பும் கொழுப்பும் ஓடுகின்றன. அவற்றை உண்டும் மின்சாரம் பிறக்கும். கஞ்சியின் கணக்கை வாயுவின் கணக்காகக் கொண்டால் கருவி பொய் சொல்லும். ஆகையால் வாயுவை மட்டும் உள்ளே விடும் மெல்லிய சவ்வால் கலத்தை மூடுதல் வேண்டும். அச்சவ்வோ சாக்கடையின் பாசியால் அடைபடாதிருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் தீரும்வரை இம்முறை ஆராய்ச்சிக் கூடத்திற்கு உரியதாகவே இருக்கும். தீர்ந்தபின்னும், குழிக்குள் ஒருவர் இறங்கும் நொடியில் கூவி எச்சரிக்கும் வேலைக்கு இது ஏற்றதன்று. அதற்கு நொடியில் விடைதரும் கருவியே வேண்டும். நுண்ணுயிர்க் காவலனின் இயல்பான பணி, நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஏறி இறங்கும் வாயுவைக் கண்காணிப்பது: எந்தக் குழாயில் அடைப்பு, எந்தக் குப்பை மேட்டில் கசிவு, எந்த எரிவாயுக் கலத்தில் அழுகல் மந்தம் என்று முன்னரே உரைப்பது. அடைப்பு முன்னரே தெரிந்தால் யந்திரத்தை அனுப்ப அவகாசம் கிடைக்கும். அவகாசம் இல்லாதபோதுதான் மனிதனை இறக்குகிறார்கள். இந்த ஒரு காரணத்திற்காகவே இவ்வாராய்ச்சி நம் கருத்தைக் கவர வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

கருவி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்புச் சங்கங்களில் உறுப்பினராகவும் காரியதரிசியாகவும் இருப்போர் நம்மிற் பலர். மலத்தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில், உறிஞ்சும் யந்திரம் வராமல் மூடியைத் திறக்க இசையாதிருத்தல் நம் முதற்கடமை. திறந்த குழியருகே பீடியோ தீக்குச்சியோ கூடாது. நாற்றமில்லை என்பதை நம்பி ஒருவரையும் எட்டிக் குனிய விடலாகாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், குதிக்கத் துடிப்பவரைப் பிடித்து நிறுத்தித் தீயணைப்புப் படையை அழைப்பதே உண்மையான உதவி. தவிர்க்க இயலாது யாரேனும் இறங்குவதாயின், மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்ஸைடு, பிராணவாயு ஆகிய நான்கையும் காட்டும் மானி எங்கே, மூச்சுக் கருவி எங்கே, மேலே நிற்பவர் பிடிக்கும் கயிறு எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேளாமல் இருக்கும் உரிமை நமக்கு இல்லை. குறைந்த கூலிக்கு ஒருவர் இறங்க ஒப்புக்கொண்டார் என்பது சட்டத்தின் முன்னும் மனச்சாட்சியின் முன்னும் சமாதானமாகாது.

தாராவியில் வாழும் நம்மவருள் தோல் பதனிட்டவரும், மண்பாண்டம் வனைந்தவரும், பாரம் சுமந்தவரும் உண்டு. நகரத்தின் அழுக்கோடு போராடியே இந்நகரத்தில் இடம்பெற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று விஞ்ஞானமும் பொறியியலும் கற்கிறார்கள். காலடியில் ஓடும் சாக்கடை அவர்களுக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடமாகவும் தோன்றலாம். அதில் வாயுவை ஆக்கும் உயிரும் உண்டு. வாயுவை உண்ணும் உயிரும் உண்டு. மின்சாரம் ஈனும் உயிரும் உண்டு. மாட்டுங்காவில் 1897-இல் ஏறிய விளக்கு, அவ்வாயுவைப் பயன்படுத்தலாம் என்று காட்டிற்று. அதனை இடையறாது அளந்து, ஒரு மனித உயிரும் அதனாற் போகாதபடி காத்தல் நம் தலைமுறையின் வேலை.